பதிவுச் சான்றில் இடம்பெறாத இரும்பு

கொல்கத்தாவில் பாறை கிடையாது. ஆறு சுமந்துவந்து இறக்கிய வண்டலின்மேல் நிற்கும் நகரம் அது. அடித்தளத்திற்குத் தோண்டினால் களிமண்ணும் மணலும் வருமே தவிரக் கல் வராது. அங்கே 'ராக் ஸ்லைடர்' குறித்துப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சிலிகுரியைத் தாண்டினால் மலை தொடங்கிவிடுகிறது. டூவார்ஸ் ஆற்றுப்படுகைகள் உருளைக்கற்களால் நிறைந்தவை. மேற்கே புருலியாவில் அயோத்யா குன்றுகள் இருக்கின்றன. இவ்விடங்களுக்கு நான்கு சக்கர இயக்க வண்டிகளில் செல்வோரில் பலர் கொல்கத்தாவாசிகள். வண்டிக்கு வேண்டிய இரும்பும் அதை வளைத்து ஒட்டித் தரும் கைகளும் ஹூக்ளியின் இரு கரைகளிலும் உள்ளன. மல்லிக் பஜாரின் உதிரிபாகக் கடைகள் இக்கரையில். ஒருகாலத்தில் 'கிழக்கின் ஷெஃபீல்டு' எனப் புகழப்பட்ட ஹௌராவின் பெலிலியஸ் சாலைப் பட்டறைகள் அக்கரையில்.

ராக் ஸ்லைடர் என்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே, கதவுகளுக்குக் கீழே, வண்டியின் நீளவாக்கில் பொருத்தப்படும் தடித்த இரும்புக் குழாய். பார்வைக்கு ஏறும் படியைப் போலிருக்கும். படி ஓர் ஆளின் எடையைத் தாங்கினால் போதும். ஸ்லைடரோ வண்டியின் எடையில் ஏறத்தாழப் பாதியைத் தாங்க வேண்டும். முன்சக்கரம் ஒரு கல்லை ஏறி இறங்கியதும் வண்டியின் இடுப்பு அக்கல்லின்மேல் அமர்கிறது. அந்நேரத்தில் கதவின் கீழ்விளிம்பு நசுங்கினால் கதவு திறக்காது, அல்லது மூடாது. குழாய் குறுக்கே நின்றால் வண்டி கல்லின்மேல் சறுக்கிக்கொண்டு கடந்துவிடும்.

இந்தக் குழாயை முன்வைத்து இந்தியச் சட்டம் ஒரேயொரு கேள்வியைக் கேட்கிறது: பதிவுச் சான்றில் இது உள்ளதா? பொறியியல் கேட்பது வேறொன்று: கல்லிலிருந்து வரும் விசை எங்கே போகிறது? இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் பட்டறைகளில் இருக்கிறார்கள். ஆனால் அவ்விடையை ஏற்றுக்கொள்ளும் அலுவலகம் இந்நாட்டில் எங்கும் இல்லை. கொல்கத்தாவின் பல்கலைக்கழகங்களுக்கும் இந்தக் குறையில் பங்குண்டு.

முதலில் குழாய். கடையில் 'ஒன்றரை இஞ்ச் பைப்' என்று கேட்டால் கிடைப்பது ஐ.எஸ். 1239 தரத்தின்படி 48.3 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட குழாய். ஒன்றரை அங்குலம் என்பது 38.1 மி.மீ. நடுத்தர வகையின் உள்விட்டமோ 41.9 மி.மீ. ஆகவே அந்த 'ஒன்றரை' அக்குழாயின் உள்ளளவும் இல்லை, வெளியளவும் இல்லை. பெயர் தன் பொருளை விட்டு எப்போதோ விலகிவிட்டது. வணிகம் மட்டும் தடையின்றி நடக்கிறது. குறியியல் வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேடுவது கடினம். குழாயின் உண்மையான வகையைச் சொல்வது அதன்மேல் பூசிய வண்ணப்பட்டை: மஞ்சள் என்றால் மெலிது, நீலம் என்றால் நடுத்தரம், சிவப்பு என்றால் கனமானது. இதே அளவுக் குழாயில் நீலப்பட்டையின் சுவர்த் தடிமன் 3.2 மி.மீ., சிவப்புப்பட்டையினுடையது 4 மி.மீ. தடிமன் கால் பங்கு கூடினாலும் வளைவைத் தாங்கும் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே கூடுகிறது.

இது அடிப்படையில் தண்ணீர் கொண்டுசெல்வதற்கென வகுக்கப்பட்ட குழாய் என்பதும் கருதத்தக்கது. பாரம் தாங்கும் கட்டமைப்புக் குழாய்களுக்கு ஐ.எஸ். 1161 எனத் தனித் தரம் உண்டு. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஒரே நிறத்தில் அடுக்கியிருக்கும். துத்தநாகம் பூசிய குழாயை மலிவென்று வாங்கி வந்தால், பற்றவைக்கும்போது எழும் வெண்புகை தொழிலாளிக்குக் காய்ச்சலைக் கொடுக்கும். தேர்ந்த கைகள் அதைத் தொடுவதில்லை; தொட்டே ஆகவேண்டுமெனில் பூச்சை முதலில் அரைத்து நீக்கிவிடுகின்றன.

அடுத்து கணக்கு. இரண்டு டன் வண்டி ஒரு பக்கமாகக் கல்லில் அமர்ந்தால் ஸ்லைடர்மேல் ஏறத்தாழ ஒரு டன். சேசிஸிலிருந்து குழாய் கால் மீட்டர் தள்ளி நிற்கிறது என்று கொண்டால் வளைவுத் திருப்புமை சுமார் 2,450 நியூட்டன் மீட்டர். மூன்று கால்கள் அதைச் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 820க்குச் சற்றுக் குறைவு. நீலப்பட்டைக் குழாயில் செய்த கால், சாதாரண இரும்பின் தாங்குதிறனை வைத்துப் பார்த்தால், சுமார் 1,200 வரை நிரந்தரமாக வளையாது. தாளில் எல்லாம் சரி. மலையில் வண்டி மெல்ல அமர்வதில்லை, விழுகிறது; விழும் எடை நிற்கும் எடையைப்போல் இரு மடங்காகவோ அதற்கு மேலாகவோ தாக்கும். மேலும் கல் மூன்று கால்களையும் கலந்தாலோசித்துக்கொண்டு தாக்குவதில்லை. ஒரு காலின் அருகே குத்துகிறது. எனவேதான் நான்காவது கால், ஒவ்வொரு காலின் மூட்டிலும் முக்கோணத் தாங்குதகடு, கால்களுக்கேனும் சிவப்புப்பட்டைக் குழாய். கணக்கைத் தாளில் போடாத பட்டறைக்காரரும் இதே முடிவுக்குத்தான் வருகிறார். அவருடைய தரவுகள், வளைந்து திரும்பிவந்த பழைய ஸ்லைடர்கள்.

நுட்பமான பகுதி குழாயில் இல்லை. அது சேசிஸைத் தொடும் இடத்தில் இருக்கிறது. சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தின் தகடு சில மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதன்மேல் காலை நேரடியாகப் பற்றவைத்தால், குழாய் வளைவதற்கு முன்பே சட்டத்தின் தகடு கிழியும். அதாவது காக்க வந்த பொருள் காக்கப்பட வேண்டியதை அழித்துவிடும். ஆகவே முதலில் சட்டத்தின்மேல் ஓர் அகன்ற தகட்டை ஒட்டி, விசையைப் பரப்பி, அதன்மேல் காலை நிறுத்துகிறார்கள். அத்தகட்டின் முனைகள் சாய்வாக வெட்டப்பட வேண்டும். சட்டத்தின் குறுக்கே செங்குத்தாக ஓடும் பற்றவைப்புக் கோடு பின்னாளில் விரிசலுக்கு வழிகாட்டும் கோடாகிவிடும். போல்ட்டு போட்டு இறுக்குவோர் பெட்டிவடிவச் சட்டத்தின் உள்ளே ஒரு குழல் துண்டைச் செருகியாக வேண்டும். இல்லாவிட்டால் இறுக்க இறுக்கச் சட்டம் உள்வாங்கும். கதவுக் கீழ்விளிம்புத் தகட்டில் மட்டும் பொருத்தி விற்கப்படும் அலங்கார வகைகளும் சந்தையில் உண்டு. அவை முதல் கல்லிலேயே அந்தத் தகட்டோடு மடங்கிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவருக்கே வேறுபாடு தெரியும்.

கொல்கத்தாவின் மழைக்காலம் இதில் தனியொரு கதாபாத்திரம். வலுவான ஒட்டுக்குப் பயன்படும் 7018 வகை வெல்டிங் ராடு, குறைந்த ஹைட்ரஜன் தரும்படி செய்யப்பட்டது. ஈரம் ஏறினால் அதன் சிறப்பே போய்விடும். நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் உருகிய இரும்பில் புகுந்து, சில மணி நேரங்கள் கழித்தும் விரிசலை உண்டாக்கக்கூடும். பெட்டி திறந்தபடி இருந்த ராடுகளைச் சுமார் 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் மீள உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் போதாது. ஆடி ஆவணியில் ஹௌராவின் காற்றிலிருக்கும் ஈரத்தை அறிந்தவருக்கு இதன் பொருள் விளங்கும். அடுப்பு இல்லாத பட்டறையும் உண்டு, ஈர ராடை வைத்தே வேலையை முடித்து அனுப்பும் பட்டறையும் உண்டு. நன்றாகச் செய்பவரையும் அரைகுறையாகச் செய்பவரையும் பிரித்துக் காட்டும் முறை ஏதும் இல்லாததால் இருவரும் வாடிக்கையாளரிடம் ஏறக்குறைய ஒரே கூலியைத்தான் பெறுகிறார்கள். இது சிறிய அநீதி அன்று.

முடிந்த வேலையைச் சோதிக்க எளிய வழியொன்று இருக்கிறது. ஸ்லைடரின் நடுவில் ஜாக்கியைக் கொடுத்து, வண்டியின் ஒரு பக்கத்தையே தரையிலிருந்து தூக்குவது. குழாய் எவ்வளவு தாழ்ந்தது, இறக்கியபின் பழைய இடத்துக்கே மீண்டதா, பற்றவைப்பின் ஓரத்தில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது. விழும் எடையின் அடியை இது காட்டாது. ஆனால் மோசமான வேலையை உடனே காட்டிக்கொடுக்கும். கருதுகோள், பாரம், அளவீடு, மறுப்புக்கு இடம்: ஆய்வுமுறையியல் பாடத்தில் கேட்கப்படும் எல்லாமும் அந்தத் தெருவோரச் சோதனையில் இருக்கின்றன.

இத்தகைய வேலைக்கு இன்று எளிதில் ஒட்டப்படும் பெயர் 'ஜுகாட்'. 2012இல் 'ஜுகாட் இன்னொவேஷன்' என்னும் ஆங்கில நூல் வந்த பிறகு மேலாண்மைப் பள்ளிகள் அச்சொல்லை விரும்பி ஏற்றன. வட இந்தியக் கிராமங்களில் ஜுகாட் என்பது நீரிறைக்கும் டீசல் எஞ்சினை ஏற்றிய ஒரு வண்டியின் பெயரும்கூட. அதுவும் மோட்டார் வாகனமே, சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. புகழ்ச்சி போல ஒலிக்கும் இச்சொல் உண்மையில் ஒரு தரமிறக்கம். கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார் என்று சொல்லும்போது, சிவப்புப்பட்டையைத் தேர்ந்ததும் தகட்டின் முனையைச் சாய்த்து வெட்டியதும் ராடை உலர்த்தியதும் மறைந்துபோகின்றன. லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் கைவினைச் சமாளிப்பாளரையும் பொறியாளரையும் இரு துருவங்களாக நிறுத்தினார். பெலிலியஸ் சாலையில் அந்தப் பிரிவினை அரை மணி நேரம்கூட நிலைக்காது. அங்கே ஒரே ஆள் பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு துண்டைப் பொறுக்கி எடுக்கிறார். எடுத்ததும் வெர்னியர் அளவுகோலை வைத்து அதன் தடிமனைப் பார்க்கிறார்.

வங்காளியர் அவரை மிஸ்திரி என்கிறார்கள். தமிழின் மேஸ்திரியும் வங்காளத்தின் மிஸ்திரியும் போர்ச்சுகீசிய 'மெஸ்த்ரே' என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. ஆசான், வல்லவன் என்பது மூலப்பொருள். தமிழில் அது கட்டட வேலையில் ஆட்களை மேய்ப்பவரைக் குறித்து நின்றது. வங்காளத்தில் தச்சர் முதல் கார் பழுதுபார்ப்பவர் வரை கைத்தொழில் வல்லார் எல்லோரையும் தழுவிக்கொண்டது. மாஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லும் இதன் உறவே. அந்த உறவுச்சொல் முதுகலைப் பட்டத்தின் பெயரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மிஸ்திரி மட்டும் பட்டறையிலேயே நின்றுவிட்டார்.

இப்போது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துத் தந்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் முரண்படும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், வண்டியின் முகப்பில் பொருத்தும் 'புல் பார்' கம்பிகள் இப்பிரிவுக்கு எதிரானவை என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருந்தது.

புல் பாருக்கு எதிரான அந்த நடவடிக்கை சரியானது. மோதலை உள்வாங்கி நசுங்க வேண்டிய முகப்பை அக்கம்பி விறைப்பாக்குகிறது. காற்றுப்பை விரியும் நேரத்தைக் குழப்பக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மோதப்படும் பாதசாரியின் எலும்பை நொறுக்குகிறது. கொல்கத்தா போன்று மக்கள் நடந்து திரியும் நகரத்தில் இதற்கு மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. ஆனால் இந்த மூன்று காரணங்களும் விசை எங்கே போகிறது என்ற கேள்விக்கான விடைகள். பதிவுச் சான்றோடு அவற்றுக்குத் தொடர்பே இல்லை. சரியான முடிவு தவறான காரணத்தின் பெயரில் எடுக்கப்பட்டதால், அதே காரணம் கதவுக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கும் ஸ்லைடர்மேலும் பாயக்கூடும். சேசிஸில் ஊன்றிய ஸ்லைடரையும் விளிம்புத் தகட்டில் தொங்கும் அலங்காரக் குழாயையும் அக்கண் வேறுபடுத்தாது. வண்டியின் உடலைவிட அகன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லைடர் இரு சக்கர ஓட்டியின் காலை வெட்டும். அது தடுக்கப்படவே வேண்டும். பக்கவாட்டு மோதலில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதும் வண்டிக்கு வண்டி ஆராய வேண்டியது. இவையெல்லாம் அளந்து சொல்லத்தக்கவை. பிரச்சினை, அளப்பவர் இல்லாமையே.

இந்தக் குருட்டுத்தன்மையின் விலையைக் காண மேற்கு வங்கத்திலேயே ஓர் இடம் உண்டு. டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு ஏறும் சுமார் 31 கி.மீ. பாதையில், தேயிலைத் தோட்டக்காரர்கள் விட்டுச்சென்ற 1950களின் லேண்ட் ரோவர் வண்டிகள் இன்னும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. அவற்றுக்கு ஸ்லைடர் வேண்டியிருக்கவில்லை. கதவின் கீழ்த்தகடு தனியாகப் போல்ட்டு போட்டு மாட்டிய அலுமினியத் தகடு. நசுங்கினால் கழற்றித் தட்டி நிமிர்த்தி மறுபடி மாட்டலாம். இன்றைய வண்டிகளில் அது உடலோடு சேர்ந்த பாகம் என்பதால்தான் குழாய்க்கே வேலை வந்தது. லேண்ட் ரோவரும் பிறப்பால் பட்டறைப் பிள்ளையே. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அவ்வண்டியின் உடல் அலுமினியத்தில் அமைந்ததற்குக் காரணம், போருக்குப் பிந்தைய பிரிட்டனின் எஃகுத் தட்டுப்பாடு. அதன் பெட்டிவடிவ அடிச்சட்டம் தகட்டுப் பட்டைகளை ஒட்டிச் செய்யப்பட்டது.

மானேபஞ்சனின் பழுதுபார்ப்போர் இந்த வண்டிகளை எழுபது ஆண்டுகள் வரை ஓட வைத்திருக்கிறார்கள். கிடைக்காத பாகத்தைத் தாமே செய்தார்கள். பல வண்டிகளில் மகிந்திரா டீசல் எஞ்சின் குடியேறிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கெனத் தனிப்பதிவு விதிகளை அறிவித்தது. அவ்விதிகளின்படி 'விண்டேஜ்' ஆகத் தகுதிபெற வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும்; சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது; வணிகத்துக்கு ஓடக் கூடாது. கண்ணாடி அறையில் உறங்கும் வண்டிக்கு மரபுரிமை உண்டு. மலையேறிக் கூலி சம்பாதிக்கும் வண்டிக்கு இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். வண்டியைக் காத்த அறிவே அதன் தகுதியின்மைக்குச் சான்றாகிறது. பழைய டீசல் எஞ்சின்களின் புகை உண்மையான கேடு, அதற்குத் தனி அளவுகோல் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட பின்னும் இந்த முரண் அப்படியே நிற்கிறது.

வேறு நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? ஜெர்மனியில் தனி வண்டி ஒன்றின் மாற்றத்தைத் தகுதிபெற்ற ஆய்வாளர் நேரில் சோதித்து ஏற்கலாம். ஏற்றது வண்டியின் ஆவணத்தில் பதிவாகும். ஆஸ்திரேலியாவில் வண்டி மாற்றங்களுக்கென்றே தேசிய நடைமுறை விதித்தொகுப்பு இருக்கிறது. எது சிறு மாற்றம், எதற்குப் பொறியாளரின் ஒப்பம் வேண்டும் என்று அது பிரித்துச் சொல்கிறது. இந்தியச் சட்டத்திலும் கதவு முழுதாக அடைபடவில்லை. மாற்றங்களுக்கான தரக்குறிப்புகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை 2019 திருத்தம் மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. அந்த அதிகாரத்தை ஸ்லைடர் போன்ற சிறு பட்டறை வேலைகளுக்கும் நீட்டுவதே தேவை.

அங்கேதான் கல்விக்கூடங்கள் வருகின்றன. சிப்பூரின் பொறியியல் கல்லூரி 1856இல் தொடங்கியது. பெலிலியஸ் சாலையும் அதுவும் ஒரே ஹௌராவில் இருக்கின்றன. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேர், சுதேசி எழுச்சியின்போது 1906இல் நிறுவப்பட்ட வங்காளத் தொழில்நுட்பக் கழகத்தில் இருக்கிறது. அந்நியத் தொழிலறிவை நம்பியிருக்கக் கூடாது என்ற உணர்வில் பிறந்த நிறுவனம் அது. துர்காபூரில் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1958 முதல் இருக்கிறது. இவற்றின் சோதனைக்கூடங்களில் பற்றவைப்பை ஊடுருவிப் பார்க்கும் கருவிகளும் விகாரத்தை அளக்கும் பட்டைகளும் உண்டு. மாதம் ஒருநாள் அக்கூடங்களைத் திறந்து, பட்டறைகள் கொண்டுவரும் வேலையைச் சோதித்து ஒப்பமிடுவதற்குப் புதிய கட்டடம் ஏதும் தேவையில்லை. மாணவருக்கோ, பாடநூலின் உத்திரத்துக்கு மாறாக உண்மையான ஓர் இரும்புக் கால் முறிவதைக் காணும் வாய்ப்பு.

இதற்கு இரு மறுப்புகள் வரக்கூடும். ஒன்று, திறன் அங்கீகாரம் ஏற்கெனவே இருக்கிறதே என்பது. முன்கற்றலை அங்கீகரிக்கும் அரசுத் திட்டத்தின் கீழ் வெல்டர்கள் சான்றிதழ் பெறுவது உண்மை. அது ஆளுக்குச் சான்று. அவர் செய்த பொருளுக்குச் சான்றாகாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டமோ பதினெட்டுத் தொழில்களைப் பட்டியலிட்டது. கொல்லர், பூட்டுத் தொழிலாளி, கொத்தனார் எல்லாம் அதில் உண்டு. கார் மிஸ்திரி இல்லை. விஸ்வகர்மா பூஜையன்று கொல்கத்தாவில் மாலை சூடாத கராஜைக் காண்பது அரிது என்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

மற்றொன்று, விதி தளர்ந்தால் சாலைகள் ஆபத்தான வண்டிகளால் நிறையும் என்பது. இதை எளிதில் தள்ள முடியாது. ஈர ராடில் ஒட்டிய குழாயோடு வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. முழுத் தடை அவற்றை ஒழிக்கவில்லை. ஆய்வாளரின் பார்வைக்கு எட்டாத மூலைக்கு அவ்வேலையைத் தள்ளியது மட்டுமே அது செய்தது. தடையால் முதலில் தொழிலை விட்டது ராடை உலர்த்தும் பட்டறையாகத்தான் இருக்கும். பெயரைக் கெடுத்துக்கொள்ள அஞ்சுவது அதுவே.

சோதனைக்கு ஒரு தாள் போதும். குழாயின் தரமும் வண்ணப்பட்டையும், கால்களின் எண்ணிக்கை, தகடு சட்டத்தோடு சேரும் முறை, ராடின் வகை, அது உலர்த்தப்பட்ட வெப்பம், உடலின் விளிம்பிலிருந்து குழாய் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, ஜாக்கியில் தூக்கியபோது எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்தது, இறக்கியபின் எவ்வளவு மீண்டது. கீழே பொறியாளர் ஒப்பம், அதன் பக்கத்தில் மிஸ்திரியின் ஒப்பம். அத்தாளை வங்காளத்தில் அச்சிட வேண்டும். பாகங்களின் பெயர்களைப் பட்டறையில் வழங்கும் சொற்களிலேயே முதல் பத்தியில் எழுத வேண்டும். நூல்வழக்குச் சொல் வேண்டுமானால் இரண்டாம் பத்திக்குப் போகட்டும். அந்த முதல் பத்திக்கான சொற்களைத் தெருத்தெருவாகச் சேகரிப்பது மொழியியல் துறைகளின் வேலை.